நேரம் தப்பிய தீப்பொறி

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பைக் காணாதவர் எங்கள் ஊர்ப் பக்கத்தில் அரியர். விழாவின் நிறைவில் அடியார்கள் தீக்குழியில் இறங்கும் வேளையில் அங்கே சுவாலை இருப்பதில்லை; கனன்று சிவந்த தணலே இருக்கும். அத்தணல் அந்த வேளைக்குப் பதமாக அமைய வேண்டுமாயின், கட்டைகளுக்கு எப்போது தீயிட வேண்டும் என்பதை அனுபவமுள்ள பெரியவர்கள் முன்கூட்டியே கணித்துக் கொள்வர். இறங்கும் நேரத்தில் தீயிட்டால் விறகு புகைந்துகொண்டிருக்கும். மிக முந்தி இட்டாலோ சாம்பலே எஞ்சும். தீயிடும் நேரம் வேறு, தீ பயன்படும் நேரம் வேறு.

சிறுவயது முதல் கண்ட காட்சியாயினும், இதனுள் இருக்கும் கணக்கை நான் உணர்ந்தது கோயில் வீதியில் அன்று. ஒரு பழைய மோட்டார் காரின் மூடியைத் திறந்து வைத்துக் கொண்டு நின்ற ஒரு மாலைப் பொழுதிலேயாகும். பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் தன் பாடத்தைத் தானே மறுபடியும் கற்ற கதை அது. மாணவர்களுக்கும், வீட்டில் பழைய வாகனம் ஒன்றை வைத்துக்கொண்டு விற்பதா வைத்திருப்பதா என்று தடுமாறும் குடும்பத்தினருக்கும் அது பயன்படலாம் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் கார்

என் மாமா ஒருவர் தம் உத்தியோக காலம் முழுவதையும் நுவரெலியாவிலேயே கழித்தவர். 1970களில் தேயிலைத் தோட்டங்கள் அரசுடைமையாகிய காலத்தில், நாடு திரும்பிய தோட்டத் துரை ஒருவரிடமிருந்து எம்.ஜி.ஏ. என்னும் இரண்டு இருக்கைப் பந்தயக் காரொன்றை அவர் வாங்கினார். கூரை துணியாலானது, பக்கக் கதவுகளுக்கு வெளிப்புறக் கைப்பிடி கிடையாது. 'குடும்பஸ்தனுக்கு இது வாகனமா?' என்று மாமி அன்று தொடங்கிய கேள்வி இன்றும் ஓயவில்லை.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1955 முதல் 1962 வரை இவ்வகைக் கார்கள் 1 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. பெரும்பாலானவை பிற நாடுகளுக்கே சென்றன. தொடக்கத்தில் அதற்குப் பொருத்தப்பட்ட 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பந்தயத்துக்கென்றே பிறந்ததன்று. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய சாதாரணக் குடும்பக் கார்களில் இருந்ததும் அதே இயந்திரந்தான். இந்தியாவின் வீதிகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசடர் காரும் அதே குடும்பத்து இயந்திரத்தால் ஓடியதே. பந்தயக் காரில் காபரேற்றர் இரண்டு. குடும்பக் காரில் ஒன்று. இவ்வாறான சில வேறுபாடுகளே உண்டு. ஆகவே இங்கே சொல்லப் போவது அந்த ஒரு காருக்கு மாத்திரம் உரியதன்று. மொரிஸ் மைனர் முதலிய பழைய பெற்றோல் கார் யாவற்றுக்கும் சாரமாகப் பொருந்தும்.

ஓய்வு பெற்ற மாமா அந்தக் காரையும் கொண்டு பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். மலையில் ஓசையின்றி ஓடிய கார், கடற்கரைக்கு வந்த சில நாட்களிலேயே நோய் கண்டது. சற்று வேகமாக மிதித்தால் இயந்திரத்தினுள்ளே, தகர டப்பாவிற் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற் போன்ற ஓர் ஓசை. இயந்திரம் கொதித்தது. காலையில் எழுப்பும்போது எதிர்த்து உதைத்தது. பார்த்தவர் ஒருவர் 'உள்ளே பெயரிங் எல்லாம் போய்விட்டது' என்றார். இன்னொருவர், பழைய இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பானிய இயந்திரமொன்றைப் பூட்டலாம் என்றார். மூன்றாமவர் இரும்பு விலைக்கே கேட்டார்.

மாமா வாதாடவில்லை. இரண்டு நாள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பின்பு என்னை அழைத்து, "மருமகன், விக்கிறதெண்டால் வித்துப் போடலாம். ஆனா அதுக்கு என்ன வருத்தமெண்டு தெரிஞ்சு விக்க வேணும்" என்றார். காரணம் அறியாமல் ஒன்றைக் கைவிடலாகாது என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

நெசவுக் குடும்பத்து மெக்கானிக்

மருதமுனையில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஊரார் அவரைக் காக்கா என்றே அழைப்பர், நானும் அப்படியே. மருதமுனை என்றதும் கைத்தறி நினைவுக்கு வரும். காக்காவும் தறிக்குடும்பத்தில் பிறந்தவரே. இளமையில் நாடா எறிந்த கை, பின்பு திருகாணி முடுக்கப் பழகியது.

அவர் வந்தார், காரை எழுப்பச் சொன்னார், கண்களை மூடிக் கொண்டு சிறிது நேரம் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக் கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சேர், இது செத்த இஞ்சின் இல்ல. நேரம் தப்பின இஞ்சின்."

"எப்படிச் சொல்றீங்க காக்கா?"

"எங்கட வாப்பா தறியில இருக்கக்குள்ள சொல்லுவார், மிதிக்கிறது ஒரு நேரம், நாடா எறியிறது ஒரு நேரம் எண்டு. பாவு விரியுமுன்னம் எறிஞ்சா நூல் அறும். விரிஞ்சு மூடக்குள்ள எறிஞ்சாலும் அறும். இதுக்குள்ளயும் அதே வேலைதான்."

வகுப்பறையில் நான் 20 ஆண்டுகளாகப் படம் வரைந்து விளக்கி வந்ததை அவர் நான்கு வாக்கியங்களில் முடித்துவிட்டார். நிற்க, மாணவர்களுக்காக அதைச் சற்று விரித்துரைப்பது என் கடமை.

உருளைக்குள் நடப்பது

பெற்றோல் இயந்திரத்தின் ஒவ்வோர் உருளையினுள்ளும் பிஸ்டன் என்னும் முசலம் ஏறி இறங்குகின்றது. நான்கு அடிப்புக்களில் அதன் வேலை முடியும்: பெற்றோலாவி கலந்த காற்றை உள்ளிழுத்தல், அதனை நெருக்குதல், எரிந்து விரியும் வாயுவால் கீழே தள்ளப்படுதல், புகையை வெளியேற்றல். 1876 இல் ஜெர்மனியரான நிக்கொலஸ் ஒட்டோ செய்து காட்டிய இந்த ஒழுங்கே இன்றும் நிலவுகின்றது.

நெருக்கிய கலவைக்குத் தீமூட்டுவது பிளக்கின் நுனியில் தோன்றும் பொறி. பலரும் எண்ணுவது போலக் கலவை முழுவதும் ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. பிளக்கின் அருகே ஒரு சிறு தீத்துளி தோன்றி, அது பரவிப் பரவி, அறை முழுவதும் எரிந்து முடிய ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு காலம் செல்லும். நமக்கு அது இமைப்பொழுதினும் சிறிது. இயந்திரத்துக்கோ மிகப் பெரிது.

எரிந்த வாயுவின் அமுக்கம் உச்சத்தை எட்டும்போது பிஸ்டன் எங்கே இருக்க வேண்டும்? மேலுச்சியைக் கடந்து, கீழ்நோக்கி இறங்கத் தொடங்கிய நிலையில் இருக்க வேண்டும். கிராங்க் தண்டின் சுழற்சியைக் கொண்டு அளந்தால், உச்சிக்குப் பின் சுமார் 15 பாகை என்பர். சித்திரைப் புத்தாண்டு ஊஞ்சலை நினைத்துக் கொள்ளுங்கள். ஊஞ்சல் நம்மை நோக்கி வந்து, நின்று, திரும்பும் வேளையில் தள்ளினால் அது உயரப் போகும். வந்து கொண்டிருக்கும்போதே எதிர்த்துத் தள்ளினால் நம் மணிக்கட்டு நோகும், ஊஞ்சலும் தடுமாறும். வெகுதூரம் போன பின்பு தள்ளினாலோ கை காற்றைத் துழாவும்.

ஆனால் தள்ளும் விசை உரிய கணத்தில் போய்ச் சேர வேண்டுமாயின், கையை அதற்கு முன்பே நீட்டத் தொடங்க வேண்டும் அன்றோ? அவ்வாறே பொறியும், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சில பாகை முன்னதாகவே பறக்க வேண்டும். இந்த முந்துதலையே மெக்கானிக்குகள் 'அட்வான்ஸ்' என்கின்றனர். மாமாவின் காருக்குச் செய்தவர்கள் விதித்த அளவு, இயந்திரம் நிற்கும் நிலையில், உச்சிக்கு 7 பாகை முன்பு.

மாணவர்க்கு ஒரு கணக்கு

7 பாகை போதுமாயின் அதோடு விட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். விடயம் அவ்வளவு எளிதன்று. கடுதாசியும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

இயந்திரம் நிமிடத்துக்கு 750 சுற்று மெதுவாகச் சுழல்கிறது என்க. ஒரு சுற்றுக்கு 80 மில்லிசெக்கன். ஒரு மில்லிசெக்கனில் தண்டு நாலரைப் பாகை திரும்பும். உச்சிக்கு முன் 7 பாகையில் பொறி பறந்து, பின் 15 பாகையில் அமுக்கம் உச்சமடைவதாக ஒரு கணக்குக்குக் கொண்டால், இடையில் உள்ளது 22 பாகை. அதாவது ஏறத்தாழ 5 மில்லிசெக்கன். இப்போது வேகத்தை 3000 சுற்றுக்கு உயர்த்துவோம். ஒரு மில்லிசெக்கனில் தண்டு 18 பாகை திரும்பிவிடும். எரிவதற்கு அதே 5 மில்லிசெக்கன் வேண்டுமாயின், அதற்குள் தண்டு 90 பாகையளவு சுழன்றுவிடும். பொறியை உச்சிக்கு 70 பாகைக்கும் மேல் முந்திப் பறக்கவிட வேண்டியதாகும்!

நல்ல வேளையாக இயற்கை இங்கே கை கொடுக்கின்றது. வேகம் கூடக் கூட உள்ளே புகும் காற்றின் கொந்தளிப்பும் கூடுகின்றது. அதனால் தீயும் விரைந்து பரவுகின்றது. ஆகவே 3000 சுற்றில் 30 பாகையளவு முந்தினாலே போதும். எனினும், 7 இலிருந்து 30 வரை யார் கூட்டுவது? யார் குறைப்பது?

ஆதி காலத்தில் அது சாரதியின் வேலை. 1908 முதல் 1927 வரை ஃபோர்ட் கம்பனி செய்த 'ரீ' மாதிரிக் காரில், சுக்கானின் இடப்புறத்தில் இதற்கென ஒரு நெம்புகோல் இருந்தது. கைப்பிடி போட்டு இயந்திரத்தைச் சுழற்றுவதற்கு முன் அதைப் பின்தள்ள மறந்தவரின் கையை, எதிர்த்துச் சுழலும் கைப்பிடி முறித்துவிடுவதும் உண்டு. பின்னாளில் அந்த வேலையை டிஸ்ரிபியூட்டர் என்னும் கிண்ணம் போன்ற கருவி தானே ஏற்றுக் கொண்டது.

அதனுள்ளே இரண்டு சிறிய எடைகள், இரண்டு விற்சுருள்கள். சுழற்சி விரைவாக விரைவாக மையநீக்க விசையால் எடைகள் வெளியே விரிந்து, பொறியை முந்தச் செய்கின்றன. வேகம் தணிந்ததும் விற்சுருள்கள் அவற்றை இழுத்துக் கொள்கின்றன. குடைராட்டினத்தின் தொட்டில்கள் சுழலும்போது வெளியே சாய்வதைப் பிள்ளைகள் கண்டிருப்பர், அதே தத்துவந்தான். இஃதன்றி, பக்கத்தில் ஒரு சிறு தட்டையான பெட்டியும் உண்டு. சமதரையில் மெல்ல மிதித்து ஓடும்போது உருளைக்குள் புகும் கலவை ஐதானது. ஐதான கலவை மெதுவாக எரியும். அப்போது காபரேற்றரில் உண்டாகும் வெற்றிடம் அந்தப் பெட்டியின் மெல்லிய சவ்வை இழுத்து, பொறியை இன்னும் சற்று முந்தச் செய்யும். இதனால் பெற்றோல் மிச்சமாகும். ஏற்றத்தில் முழுக்க மிதித்தவுடன் வெற்றிடம் மறைந்து, அந்த முந்துதலும் நின்றுவிடும்.

நான்கு உருளை இயந்திரம் 3000 சுற்றில் ஓடும்போது, செக்கனுக்கு 100 பொறி பறக்கின்றது. கணினியைக் கண்டிராத அக்காலத்தில், இரண்டு எடையும் இரண்டு சுருளும் ஒரு சவ்வும் கொண்டு இதனைச் செய்தனர் என்றால், அவர்களுடைய மதிநுட்பத்தை என்னென்பது!

முந்தினால் என்ன, பிந்தினால் என்ன?

பொறி பிந்தினால், பிஸ்டன் ஓடிப்போன பின்பே அமுக்கம் துரத்திச் செல்லும். வலு குன்றும், எரிந்து முடியாத சூடு புகைக்குழாயில் வீணாகும், இயந்திரம் சூடேறும், பெற்றோல் செலவு கூடும். 2022 இல் பெற்றோல் நிலையங்களின் முன் இரவு பகலாகக் காத்து நின்றதையும், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பங்கீடு வந்ததையும் நாம் மறக்கவில்லை. நேரம் பிந்திய இயந்திரம் அந்த 20 லீற்றரிலும் ஒரு பங்கை வெறுஞ்சூடாக வெளியே விட்டுக் கொண்டிருந்திருக்கும்.

பொறி அளவுக்கு மிஞ்சி முந்தினால் தீங்கு இன்னும் பெரிது. பிஸ்டன் மேலே ஏறிக் கொண்டிருக்கும்போதே தீ பரவி அமுக்கம் எகிறும். இன்னும் தீ எட்டாத மூலையிலுள்ள கலவை, நெருக்கத்தையும் வெப்பத்தையும் தாங்க மாட்டாமல் தானே சட்டென்று வெடிக்கும். அந்த அதிர்வே நாம் கேட்கும் தட்டுச் சத்தம். தொடர்ந்து தட்டினால் பிஸ்டனின் தலை பொரிந்து, துளை விழவுங்கூடும். பிந்திய பொறி பணத்தைத் தின்னும். முந்திய பொறி இயந்திரத்தையே தின்னும். இவ்வேறுபாட்டைப் பழைய வாகனம் வைத்திருப்போர் மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்தத் தட்டலுக்கு எரிபொருளும் ஒரு காரணம். பெற்றோல் நிலையத்தில் 92, 95 என்று எழுதியிருப்பது விலையைக் கூட்டுவதற்கான வெறும் இலக்கமன்று. தட்டாமல் தாக்குப் பிடிக்கும் ஆற்றலின் அளவே அது. ஒக்ரேன் எண் எனப்படும். 95 இல் வலு அதிகம் அடங்கியிருக்கிறது என்று நினைப்பது தவறு. அது தட்டுவதற்குத் தயங்கும், அவ்வளவே. 1921 இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு பொருளைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குவதைக் கண்டார். அந்த ஈயம் புகையோடு பரவிப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பதை உலகம் உணர்ந்து கைவிட நெடுங்காலம் சென்றது. நம் நாடு 2002 இல் அதனை நிறுத்தியது. கடைசி நாடாகிய அல்ஜீரியா நிறுத்தியது 2021 இலேயே.

யாழ்ப்பாணத்தின் பாடம்

எரிபொருள் மாறினால் பொறியின் நேரமும் மாற வேண்டும் என்பதற்கு நம்மவர் வாழ்விலேயே ஒரு பெரும் உதாரணம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிட்டாப் பொருளாயிற்று. அந்நாளில் அம்மக்கள் ஒஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். பொன்போலப் பேணிய பெற்றோலில் சில துளியைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்புவர். சூடேறிய பின்பு மண்ணெண்ணெயை அருந்தவிடுவர். நோயாளியையும் பிரசவத்துக்குக் காத்திருந்த தாயையும் சுமந்து சென்றவை அந்தக் கார்களே.

மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் இயல்புடையது. அதிக நெருக்கம் கொண்ட புதிய இயந்திரம் அதைத் தாங்காது. ஏ-40 காரின் 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரம் நெருக்கம் குறைந்தது. டிஸ்ரிபியூட்டரைக் கையால் திருப்பிப் பொறியைச் சற்றுப் பின்தள்ளிக் கொள்ளவும் இடம் தருவது. கையால் தொட்டுத் திருத்தக் கூடியதாக இருந்ததனாலேயே அது ஒரு சமூகத்தின் நெருக்கடிக் காலத்தில் துணை நின்றது. அக்கார்களில் சில இன்றும் அங்கே ஓடுகின்றன என்பது அவற்றைப் பேணிய கைகளுக்குக் கிடைத்த சான்றிதழாகும்.

மலையும் கடலும்

மீண்டும் மாமாவின் வீட்டு முற்றத்துக்கு வருவோம். காக்கா கேட்ட முதற் கேள்வி, "ஐயா, இது இவ்வளவு காலமும் எங்க ஓடினது?" என்பதே.

"நுவரெலியாவில."

காக்கா சிரித்தார். எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. எனவே உருளைக்குள் புகும் காற்றும் குறைவு. நெருக்கிய கலவையின் அடர்த்தியும் வெப்பமும் குறைவு. தீ மெதுவாகப் பரவும். தட்டலும் எளிதில் வராது. ஆகவே மலைநாட்டு மெக்கானிக் ஒருவர், குறைந்த வலுவை ஈடுசெய்யும் பொருட்டுப் பொறியைச் சில பாகை முந்தி வைப்பது அங்கே குற்றமன்று, கெட்டித்தனமே. 1934 முதல் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடக்கும் ஊர் அல்லவா! அவ்வூரில் பந்தயக் காரைத் தொட்டவர், ஓசை கேட்டே நேரம் வைத்திருப்பார் போலும்.

அதே காரைக் கடற்கரைக்குக் கொண்டு வந்தால், அடர்ந்த காற்று முழுவதும் உள்ளே புகுந்து, வெயிலின் சூடும் சேர்ந்து கொள்ளும். மலையில் மருந்தாக இருந்தது இங்கே நஞ்சாகிவிட்டது. இயந்திரத்தில் எதுவும் பழுதாகவில்லை. மாறியது அது நின்ற இடந்தான்.

காக்கா செய்த வேலை

சந்தேகத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே முறை. காக்கா முதலில் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, பொயின்ற் எனப்படும் தொடுமுனைகளின் இடைவெளியை அளந்தார். 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் முனைகள் முந்தித் திறக்கும், பொறியும் முந்திவிடும். ஆகவே இதனைச் சரிசெய்யாமல் நேரத்தைத் தொடுவது, அத்திவாரம் பாராமல் சுவருக்கு வெள்ளை அடிப்பது போலாம்.

அடுத்து உள்ளே சுழலும் கையை விரலால் சற்றுத் திருப்பி விட்டார். அது துள்ளித் தன் இடத்துக்கு மீண்டது. விற்சுருள்கள் உயிரோடிருக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். பின்பு வெற்றிடக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார்; உள்ளிருந்த தட்டு அசைந்தது. சவ்வும் கிழியவில்லை.

இறுதியாக 12 வோல்ற் சிறு விளக்கொன்றை எடுத்து, ஒரு கம்பியை டிஸ்ரிபியூட்டரின் பக்கத்து முனையிலும், மற்றதை இயந்திரத்தின் இரும்பிலும் பூட்டினார். சாவியைத் திருப்பி வைத்தார். பிளக்குகளைக் கழற்றி, காரை மேல் கியரில் போட்டு, என்னையும் மாமாவின் மகனையும் மெல்ல முன்னோக்கித் தள்ளச் சொன்னார். தொடுமுனைகள் திறக்கும் கணத்தில், அதாவது பொறி பறக்க வேண்டிய கணத்தில், விளக்கு எரியும். அப்போது கிராங்க் தண்டின் முன்னாலுள்ள புளியில் வெட்டிய சிறு பள்ளம், அருகிலுள்ள முட்களில் எதற்கு நேரே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே உச்சி, 5 பாகை, 10 பாகை என்று மூன்று முட்கள் உண்டு.

முதலாம் உருளை நெருக்கும் அடிப்பில் வந்தது. பள்ளம் 10 பாகை முள்ளை எட்டுமுன்பே விளக்கு எரிந்துவிட்டது! ஏறத்தாழ 13 பாகை. விதித்த அளவைவிட 6 பாகை மிகை.

டிஸ்ரிபியூட்டர் கிராங்க் தண்டின் பாதி வேகத்திலேயே சுழல்கிறது. ஆகவே தண்டில் 6 பாகை குறைய, டிஸ்ரிபியூட்டரின் உடலை 3 பாகை திருப்பினாற் போதும். 3 பாகை என்பது எவ்வளவு? கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் தூரம்! காரைத் திரும்பவும் தள்ளி, பள்ளத்தை 5 க்கும் 10 க்கும் இடையே, 5 க்குச் சற்று அண்மையாக நிறுத்தினோம். காக்கா அடியிலுள்ள பூட்டைத் தளர்த்தி, உடலை உள்ளே சுழலும் கையின் திசையிலேயே சிறிது திருப்பினார்; விளக்கு அணைந்தது. மறுபுறம் மயிரிழையாகத் திருப்பினார், விளக்கு எரிந்தது. அந்த இடத்திலேயே முடுக்கிவிட்டார்.

இரும்பு விலைக்குக் கேட்கப்பட்ட ஒரு காருக்கு வந்த நோய் அந்த அரை நிமிட அளவுதான்.

இத்துடன் வேலை முடியவில்லை. விதித்த அளவு, புதிய இயந்திரத்துக்கும் அக்காலப் பெற்றோலுக்கும் உரியது. தேய்ந்த இயந்திரத்துக்கும் இன்றைய பெற்றோலுக்கும் ஓடிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மறுநாள் காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை ஊடாக இங்கினியாகலை வரை சென்றோம். எங்கள் கரையில் ஏற்றம் ஏது? சமதரையிலேயே மேல் கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று முழுக்க மிதித்தார் காக்கா. 92 பெற்றோலில் மிக இலேசான ஒரு தட்டல், உடனே மறைந்தது. டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள நுண்திருகியைப் பின்தள்ளும் திசையில் விரலால் சில 'கிளிக்' திருப்பினார். அதில் 55 கிளிக் சேர்ந்தால் 5 பாகை. அதாவது 11 கிளிக்குக்கு ஒரு பாகை. தங்கம் நிறுக்கும் தராசுதான் அது. திரும்பி வரும் வழியில் தட்டல் இல்லை, கொதிப்பும் இல்லை. மாமா வாய் திறக்கவில்லை. கல்முனைச் சந்தியில் மாத்திரம், தேவையில்லாமல் ஒரு தடவை ஹோர்ன் அடித்தார்.

யார் கற்பார்?

இன்றைய கார்களில் இந்த வேலையைக் கணினி செய்கின்றது. தட்டலைக் கேட்கும் உணரியொன்று இயந்திரத்திலேயே பதிந்திருக்கும். அது கேட்ட மாத்திரத்தில் பொறி பின்தள்ளப்படும். மலைக்கும் கடற்கரைக்கும் ஏற்றவாறு தானே மாறிக்கொள்ளும். நல்லதுதான். பழையதே மேலென்று சொல்ல நான் வரவில்லை.

ஆயினும் காக்கா போகும்போது சொன்ன ஒரு சொல் மனத்தில் நின்றது. "பொயின்ற் வைக்கப் பழக ஒரு பொடியனும் வாறானில்ல சேர். எனக்குப் பிறகு இந்த மாதிரிக் கார் வந்தா, செத்துப் போச்செண்டுதான் சொல்லுவாங்க."

அது கார்களைப் பற்றிய கவலை மாத்திரமன்று. காரணம் தேடாமல் கழித்துவிடும் பழக்கத்தைப் பற்றிய கவலையுமாகும். அடுத்த சனிக்கிழமை என் மாணவர் ஐவரை மாமாவின் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். காக்கா வேண்டுமென்றே நேரத்தைக் கலைத்துவிட்டு, "இப்ப நீங்க வையுங்க" என்று திண்ணையில் போய் உட்கார்ந்து கொண்டார். பரீட்சையில் எப்போதும் முதலாவதாக வரும் மாணவன் பள்ளத்தைத் தவறான முள்ளுக்கு நேரே நிறுத்தினான். கார் இருமியது; எழவில்லை. கடைசி வாங்கிலிருந்து பாடம் கேட்கும் மற்றொருவன் மண்டியிட்டுக் கீழே பார்த்து, "அது 10, நமக்கு 7 தானே வேணும்?" என்றான். காரை மறுபடியும் தள்ளினர். அவன் பூட்டைத் தளர்த்தி, மூச்சை அடக்கிக் கொண்டு, உடலை மெல்லத் திருப்பினான். விளக்கு எரிந்தது.

"ஆ, இப்ப ஸ்டார்ட் பண்ணு மகன்" என்றார் காக்கா, திண்ணையை விட்டு எழாமலே.